சிக்னல் பாடத்தில் சிக்கி நிற்கும் தம்பி தங்கைகளுக்கு: கையால் போட்டு, காதால் கேட்டுப் படிக்கும் வழி

வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கத்திலிருந்து இன்ஜினியரிங் போகும் பிள்ளைகள் மாலையில் என்னிடம் பாடம் கேட்க வருவார்கள். இசிஇ, இஇஇ, பயோமெடிக்கல் என்று பிரிவு எதுவானாலும் இரண்டாம் ஆண்டில் எல்லோரும் சிக்கும் இடம் ஒன்றுதான்: சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், அதன் பின்னால் வரும் டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்). பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள். கணக்கு வராதவர்கள் இல்லை, இன்டகிரேஷன் நன்றாகவே போடுகிறார்கள். ஃபார்முலா எதைச் சொல்கிறது என்று காட்டாமல் ஃபார்முலாவை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே முறையைத்தான் பின்பற்றுகிறேன். எந்தக் கருத்தானாலும் முதலில் நான்கைந்து எண்களை வைத்துக் கையால் போடுங்கள். அடுத்து அதைக் காதால் கேட்டோ கண்ணால் பார்த்தோ சோதியுங்கள். ஃபார்முலா மூன்றாவதாக வரட்டும்.

தேவையான பொருட்கள் குறைவு. கட்டம் போட்ட நோட்டு ஒன்று, செல்போன் ஒன்று. லேப்டாப் இருந்தால் ஒலியைத் திறந்து பார்க்க ஆடாசிட்டி, கணக்குப் போட ஆக்டேவ் இரண்டையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் செல்போன் பிரவுசரில் கூகுள் கோலாபைத் திறந்து பைத்தான் எழுதலாம். மேட்லாபுக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

முதல் படி: எந்த ஃப்ரீக்வென்சி என்று கேளுங்கள்

"அண்ணா, 0.3 பைன்னா எத்தனை ஹெர்ட்ஸ்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் தனியாகப் பதில் கிடையாது. பாடத்தில் மூன்று ஃப்ரீக்வென்சிகள் ஒரே மாதிரி வேஷத்தில் நடமாடுகின்றன. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை சுற்று. அனலாக் ஒமேகா என்பது நொடிக்கு எத்தனை ரேடியன். டிஜிட்டல் ஒமேகா என்பது ஒரு சாம்பிளுக்கு, அதாவது சிக்னலை அளந்து எடுத்த ஒவ்வோர் எண்ணுக்கும், எத்தனை ரேடியன். மூன்றாவதில் நேரமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நொடிக்கு எத்தனை சாம்பிள் எடுத்தார்கள் என்று தெரிந்தால்தான் அதை ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவர முடியும்.

ஒரு சுற்று என்பது 2 பை ரேடியன். 0.3 பையை 2 பையால் வகுத்தால் 0.15, அதாவது சாம்பிளுக்கு 0.15 சுற்று. சாம்பிளிங் ரேட் (நொடிக்கு எடுக்கும் சாம்பிள்) 8000 என்றால் 0.15 × 8000 = 1200 ஹெர்ட்ஸ். அதே 0.3 பை, ரேட் 48000 என்றால் 7200 ஹெர்ட்ஸ். எண் ஒன்றுதான், சத்தம் வேறு.

அந்த 0.15 இன்னொரு வேலையும் செய்யும். 0.15 என்பது 3/20. ஆகவே அந்த சிக்னல் 20 சாம்பிளுக்கு ஒருமுறை திரும்ப வரும். இப்படி முழு எண்களின் பின்னமாக எழுத முடிந்தால்தான் டிஸ்கிரீட் சிக்னல், அதாவது சாம்பிள்களால் ஆன சிக்னல், பீரியாடிக். காஸ் 3என் என்று கேட்டால், 3-ஐ 2 பையால் வகுத்து எந்தப் பின்னமும் கிடைக்காது. எத்தனை சாம்பிள் போனாலும் அது திரும்ப வராது. தொடர்ச்சியான நேரத்தில் எந்த காஸும் பீரியாடிக்தான், டிஸ்கிரீட்டில் அப்படி இல்லை. இரண்டு மார்க் கேள்விகள் இதைச் சுற்றியே வரும்.

இரண்டாம் படி: சிஸ்டத்தைச் சோதித்துப் பாருங்கள்

லீனியரா (உள்ளீட்டை இரு மடங்காக்கினால் வெளியீடும் இரு மடங்காகுமா, இரண்டு உள்ளீட்டைக் கூட்டினால் வெளியீடுகளும் கூடுமா), டைம் இன்வேரியன்டா (எப்போது கொடுத்தாலும் ஒரே மாதிரி நடக்குமா) என்ற கேள்விக்கு எண்களைப் போட்டே பதில் கண்டுபிடிக்கலாம். உள்ளீட்டோடு 3 கூட்டித் தரும் சிஸ்டம் ஒன்று. வரைந்தால் நேர்கோடு வருகிறது, அதனால் லீனியர் என்று பலரும் எழுதுகிறார்கள். பூஜ்ஜியத்தை உள்ளே கொடுங்கள், 3 வெளியே வருகிறது. லீனியர் சிஸ்டத்தில் பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம்தான் வரவேண்டும். ஆகவே அது லீனியர் இல்லை. இந்தச் சோதனையில் தேறினால் மட்டும் லீனியர் ஆகிவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். வர்க்கம் எடுக்கும் சிஸ்டமும் பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம்தான் தரும். ஆனால் 1-க்கு 1 தந்துவிட்டு 2-க்கு 4 தரும்.

சாம்பிளின் வரிசை எண்ணால் உள்ளீட்டைப் பெருக்கும் சிஸ்டம் லீனியர்தான், ஆனால் டைம் இன்வேரியன்ட் இல்லை. இரண்டாவது இடத்தில் 1 கொடுத்தால் 2 வருகிறது. அதே 1-ஐ ஐந்தாவது இடத்தில் கொடுத்தால் 5 வருகிறது. எப்போது கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து நடத்தை மாறுகிறது.

இவ்வளவு சோதனை எதற்கு? இரண்டு குணமும் இருந்தால், அந்த சிஸ்டத்தைப் பற்றிய எல்லாவற்றையும் ஒரே ஒரு இம்பல்ஸ், அதாவது ஒற்றைத் தட்டு, சொல்லிவிடும். பெரம்பூர் பக்கம் ரயில்வே சுரங்கப்பாதை ஏதாவது ஒன்றில், வண்டி குறைவாக இருக்கும் நேரத்தில் ஓரமாக நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டி, அதை செல்போனில் பதிவு செய்யுங்கள். தட்டிய பிறகு இழுத்துக்கொண்டு அடங்கும் அந்த ஒலிதான் அந்தச் சுரங்கப்பாதையின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். வீட்டுக்கு வந்து உங்கள் குரலை அதோடு கன்வால்வ் செய்தால் (எப்படி என்று அடுத்த படியில் பார்ப்போம்), சுரங்கப்பாதைக்குள் நின்று பேசியது போலவே கேட்கும். கோலாபில் இதற்கு ஐந்தாறு வரி நிரல் போதும். ஒருமுறை இதைக் காதால் கேட்டவர்கள் கன்வல்யூஷனைப் பார்த்துப் பின்வாங்குவதில்லை.

மூன்றாம் படி: கன்வல்யூஷன், அவசரப்படாமல்

"எதுக்கு அண்ணா ஒண்ண திருப்பிப் போடணும்?" வருடம் தவறாமல் வரும் கேள்வி இது. பாடப்புத்தகம் திருப்பு, நகர்த்து, பெருக்கு, கூட்டு என்று நான்கு கட்டளை போடுகிறது. காரணத்தை எண்களில் பார்ப்போம்.

உள்ளீடு 2, 1, 3. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் 4, 2, 1. அதாவது 1 என்று ஒரு சாம்பிள் வந்தால் சிஸ்டம் உடனே 4 தரும், அடுத்த சாம்பிளில் 2, அதற்கடுத்து 1, பிறகு அடங்கிவிடும். இப்போது முதல் சாம்பிளாக 2 வருகிறது. அது 8, 4, 2 என்று தொடங்கி வைக்கிறது. ஒரு இடம் தள்ளி 1 வருகிறது, அது 4, 2, 1 தருகிறது. இன்னும் ஒரு இடம் தள்ளி 3 வருகிறது, அது 12, 6, 3 தருகிறது. கட்டம் போட்ட நோட்டில் இப்படி எழுதுங்கள்:

8, 4, 2, 0, 0
0, 4, 2, 1, 0
0, 0, 12, 6, 3

மேலிருந்து கீழாகக் கூட்டினால் 8, 8, 16, 7, 3. கன்வல்யூஷன் முடிந்தது. எதையும் திருப்பவில்லை.

இப்போது நடுவில் இருக்கும் 16-ஐ மட்டும் உற்றுப் பாருங்கள். அதில் 2 இருக்கிறது, 2 இருக்கிறது, 12 இருக்கிறது. முதலில் வந்த சாம்பிள் ரெஸ்பான்ஸின் கடைசி எண்ணோடு பெருகியிருக்கிறது. நடுவில் வந்தது நடு எண்ணோடு பெருகியிருக்கிறது. இப்போதுதான் வந்த 3, ரெஸ்பான்ஸின் முதல் எண்ணான 4-உடன் பெருகியிருக்கிறது. பழையது வாலோடு, புதியது தலையோடு. இதை ஒரே வரியில் பெருக்க வேண்டுமானால் 2, 1, 3-க்குக் கீழே 1, 2, 4 என்று எழுத வேண்டும். திருப்பிப் போடுவதன் முழுக் காரணமும் இதுதான்.

விடையைச் சரிபார்க்க இரண்டு வழி. நீளம் 3 + 3 − 1 = 5 வர வேண்டும். உள்ளீட்டின் கூட்டுத்தொகையும் ரெஸ்பான்ஸின் கூட்டுத்தொகையும் பெருகி, விடையின் கூட்டுத்தொகை ஆக வேண்டும். இங்கே 6 × 7 = 42. விடையைக் கூட்டினாலும் 42. தேர்வறையில் அரை நிமிடத்தில் செய்துவிடலாம், தயவுசெய்து செய்யுங்கள். கூட்டலில் நழுவிய மார்க்குகளை எத்தனையோ விடைத்தாள்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

சர்க்குலர் கன்வல்யூஷன் என்றதும் புதுப் பாடம் என்று நினைக்காதீர்கள். 3 புள்ளி சர்க்குலர் என்றால் இடம் மூன்றுதான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 7, 3 இரண்டையும் முன்னால் கொண்டுவந்து கூட்டிவிட வேண்டும். 8 + 7, 8 + 3, 16. அதாவது 15, 11, 16. கூட்டிப் பாருங்கள், மறுபடி 42. எஃப்எஃப்டி (ஆறாம் படியில் வரும் வேகக் கணக்கு முறை) வழியாகச் சாதாரண கன்வல்யூஷன் கிடைக்க வேண்டுமானால் குறைந்தது 5 இடமாவது இருக்கும்படி பூஜ்ஜியங்களைச் சேர்க்கச் சொல்வதும் இதனால்தான்.

நான்காம் படி: எந்த ட்ரான்ஸ்ஃபார்ம்?

ஒரே விதியை மனதில் வைத்தால் நான்கு ஃபூரியர்களும் குழம்பாது: நேரம், ஃப்ரீக்வென்சி என்ற இரண்டில் ஒரு பக்கம் பீரியாடிக் என்றால் மறுபக்கம் புள்ளி புள்ளியாக இருக்கும். நேரத்தில் பீரியாடிக் என்றால் ஸ்பெக்ட்ரம் (எந்த ஃப்ரீக்வென்சி எவ்வளவு என்ற படம்) தனித்தனிக் கோடுகள், அது ஃபூரியர் சீரீஸ். நேரத்தில் சாம்பிள்கள் என்றால் ஸ்பெக்ட்ரம் பீரியாடிக், அது டிடிஎஃப்டி (டிஸ்கிரீட் டைம் ஃபூரியர் ட்ரான்ஸ்ஃபார்ம்). இரண்டும் சேர்ந்தால் இரு பக்கமும் புள்ளிகள், இரு பக்கமும் பீரியாடிக், அது டிஎஃப்டி (டிஸ்கிரீட் ஃபூரியர் ட்ரான்ஸ்ஃபார்ம்). இரண்டும் இல்லாவிட்டால் சாதாரண ஃபூரியர் ட்ரான்ஸ்ஃபார்ம்.

லாப்லாஸும் இசட் ட்ரான்ஸ்ஃபார்மும் சிஸ்டம் நிலையாக நிற்குமா, வெடித்துப் போகுமா என்று பார்க்க உதவுபவை. இசட்டில் ஒரு எச்சரிக்கை மட்டும்: ஆர்ஓசி (ரீஜன் ஆஃப் கன்வர்ஜன்ஸ், எந்த இசட் மதிப்புகளுக்குக் கூட்டல் அடங்கி நிற்கும் என்ற பகுதி) எழுதாத விடை பாதி விடை. ஒரே பின்னம் வலப்பக்கம் ஓடும் சிக்னலுக்கும் இடப்பக்கம் ஓடும் சிக்னலுக்கும் வரும். எது என்று சொல்வது ஆர்ஓசி மட்டுமே.

ஐந்தாம் படி: சாம்பிளிங், வீட்டுச் சீலிங் ஃபேனில்

அதிகபட்ச ஃப்ரீக்வென்சியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக சாம்பிள் எடுக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். நைக்விஸ்ட் 1928-இல் தந்தி பற்றிய ஆய்வில் இதன் அடிப்படையைத் தொட்டார். ஷானன் 1949-இல் தெளிவாக நிறுவிக் காட்டினார். ஆனால் இரண்டு மடங்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் பலரும் "சிக்னல் போயிடும்" என்கிறார்கள். போவதில்லை. வேறு ஒன்றாக வேஷம் போட்டு வருகிறது, ஆபத்தே அதுதான். இந்த வேஷத்துக்குப் பெயர் அலையாசிங்.

மூன்று இறக்கை உள்ள ஃபேனை ஓட விடுங்கள். நன்றாக வெளிச்சம் இருக்கும் அறையாக இருக்கட்டும், வெளிச்சம் குறைந்தால் படம் கலங்கிவிடும். செல்போனில் நொடிக்கு 30 ஃப்ரேம் வீடியோ எடுங்கள். ஃபேன் நிமிடத்துக்கு 380 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 6.33 சுற்று. இறக்கைகள் மூன்றும் ஒரே மாதிரி இருப்பதால், நொடிக்கு 19 தடவை அதே காட்சி திரும்ப வருகிறது. 30 ஃப்ரேம் கேமரா சரியாகக் காட்டக்கூடிய எல்லை 15. 19 அதைத் தாண்டிவிட்டது. 19-இல் இருந்து 30-ஐக் கழித்தால் மைனஸ் 11. அந்த மைனஸ்தான் வீடியோவில் தெரிகிறது, ஃபேன் பின்னோக்கிச் சுற்றுகிறது. ரெகுலேட்டரைக் குறைத்துக்கொண்டே வந்து நிமிடத்துக்கு 300 சுற்றுக்குக் கீழே போனால் நேராகச் சுற்றும்.

இன்னும் ஒரு படி போகலாம். ஃபேனை நிறுத்தி, ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஒரே ஒரு இறக்கையில் நிறத்தாள் ஒட்டுங்கள். மறுபடி அதே வேகத்தில் வீடியோ எடுங்கள். ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தால் அந்தத் தாள் ஃப்ரேமுக்கு 76 டிகிரி முன்னோக்கிப் போகிறது. ஒட்டாத இறக்கைகளை மட்டும் பார்த்தால் 44 டிகிரி பின்னோக்கிப் போவது போல் இருக்கிறது. தாள் நொடிக்கு 6.33 தடவைதான் திரும்ப வருகிறது, அது 15-க்குக் கீழ். மூன்று இறக்கைக் காட்சி 19 தடவை வருகிறது, அது 15-க்கு மேல். ஒரே வீடியோவுக்குள் நைக்விஸ்ட் எல்லைக்கு (இங்கே 15) உட்பட்டதும் மீறியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அதே ஃபேனை ஸ்லோமோஷனில் நொடிக்கு 120 ஃப்ரேமாக எடுத்தால் எல்லாமே நேராகச் சுற்றும்.

இப்போது ஒலிக்கு வாருங்கள். 8000 சாம்பிளில் 5000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பிடித்தால் 3000 ஹெர்ட்ஸாகக் கேட்கும். சாம்பிள் எடுத்து முடித்த பிறகு, அது உண்மையான 3000-ஆ, வேஷம் போட்ட 5000-ஆ என்று யாராலும் பிரிக்க முடியாது. ஆகவே எல்லைக்கு மேலான ஃப்ரீக்வென்சியை வெட்டும் ஆன்டி அலையாசிங் ஃபில்டர் சாம்பிள் எடுப்பதற்கு முன்னாலேயே இருக்க வேண்டும். பழைய தரைவழித் தொலைபேசி குரலை 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள் அடக்கிவிட்டு 8000 சாம்பிள் எடுத்தது இதனால்தான். சாம்பிளுக்கு 8 பிட், மொத்தம் நொடிக்கு 64000 பிட். சிடியில் 44100 சாம்பிள், 16 பிட். ஒவ்வொரு பிட்டும் சுமார் 6 டெசிபல் இரைச்சலைக் குறைக்கும்.

"சரியா ரெண்டு மடங்கு எடுத்தா போதாதா?" போதாது. சைன் அலையைச் சரியாக இரண்டு மடங்கில், அது பூஜ்ஜியத்தைத் தாண்டும் இடங்களில் சாம்பிள் எடுத்துப் பாருங்கள். கையில் கிடைப்பது எல்லாம் பூஜ்ஜியம்.

ஆறாம் படி: தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மரும் எஃப்எஃப்டியும்

எஃப்எஃப்டி என்பது புது ட்ரான்ஸ்ஃபார்ம் இல்லை, டிஎஃப்டியை வேகமாகப் போடும் முறை. கூலியும் டுகியும் 1965-இல் வெளியிட்ட கட்டுரையால் பரவியது. 1024 புள்ளிக்கு நேரடி வழியில் 10,48,576 பெருக்கல், எஃப்எஃப்டியில் 5120.

வீதி ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் ரீங்காரத்தை, வேலிக்கு வெளியே தள்ளி நின்று பதிவு செய்யுங்கள். மழை நேரத்தில் அதன் பக்கமே போக வேண்டாம். செல்போனில் வேவ் வடிவத்தில் பதியும் செயலியாக இருக்கட்டும், இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அது ரீங்காரத்தையே அழித்துவிடும். ஆடாசிட்டியில் திறந்து ஸ்பெக்ட்ரம் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆனால் உச்சி நிற்பது 100-இல், கூடவே 200, 300-இலும். இரும்பு உள்ளகம் காந்தப்புலம் எந்தத் திசையில் ஏறினாலும் ஒரே மாதிரி நீண்டு சுருங்குவதால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிர்கிறது.

இப்போது 48000 ரேட்டில் 4096 புள்ளி எடுத்தால் ஒவ்வொரு பின்னும் (bin, ஸ்பெக்ட்ரத்தின் ஒரு கட்டம்) 11.72 ஹெர்ட்ஸ் அகலம். 100 ஹெர்ட்ஸ் 8.53-ஆவது பின்னில் விழ வேண்டும், அப்படி ஒரு பின் இல்லை. அதனால் அதன் ஆற்றல் அக்கம்பக்கத்துப் பின்களில் சிந்துகிறது. இதுதான் லீக்கேஜ். பதிவின் இரு ஓரங்களையும் மெல்லப் பூஜ்ஜியத்துக்கு இறக்கும் ஹான் விண்டோ போட்டால் தூரத்துச் சிந்தல் அடங்கும், ஆனால் உச்சி கொஞ்சம் அகலமாகும். ஒரு நொடி முழுவதையும், அதாவது 48000 புள்ளியை எடுத்தால் பின் அகலம் 1 ஹெர்ட்ஸ், 100 சரியாக உட்காரும்.

பூஜ்ஜியம் சேர்த்தால் ரெசல்யூஷன் (நெருக்கமான ஒலிகளைப் பிரித்துக் காட்டும் திறன்) கூடுமா என்று கேட்பார்கள். கூடாது. வளைகோடு வழவழப்பாகத் தெரியும், அவ்வளவே. நெருக்கமான இரண்டு ஒலிகளைப் பிரிக்க வேண்டுமானால் நீண்ட நேரம் பதிவு செய்தே ஆக வேண்டும்.

ஏழாம் படி: ஃபில்டர்

முதல் ஃபில்டராக மூவிங் ஆவரேஜை, அதாவது கடைசிச் சில சாம்பிள்களின் சராசரியை, போடுங்கள். ப்ராஜெக்டில் சென்சார் ரீடிங்கில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கலந்துவிட்டது என்று வருபவர்களுக்கு நான் சொல்லும் முதல் மருந்து இதுதான். நொடிக்கு 1000 சாம்பிள் எடுத்து, 20 சாம்பிளுக்குச் சராசரி போடுங்கள். 20 மில்லி செகண்ட் என்பது மின்சாரத்தின் ஒரு முழுச் சுற்று, மேலும் கீழும் சமமாகிக் கழிந்துவிடும். 50, 100, 150 எல்லாம் ஒரே அடியில் போகும். விலை என்னவென்றால் 9.5 மில்லி செகண்ட் தாமதம், கூடவே வேகமான மாற்றங்கள் மழுங்கும். இதயத் துடிப்பு சிக்னலில் அந்த மழுங்கல் கூடாது, அங்கே 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைப் பாருங்கள்.

எஃப்ஐஆரா (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் சில சாம்பிளில் முடிந்துவிடும் ஃபில்டர்), ஐஐஆரா (முடியாமல் நீளும் ஃபில்டர்) என்ற கேள்விக்கு: அலையின் வடிவம் குலையக்கூடாது என்றால் லீனியர் ஃபேஸ் (எல்லா ஃப்ரீக்வென்சிக்கும் ஒரே தாமதம்) தரும் எஃப்ஐஆர். சின்னச் சிப்பில் குறைந்த கணக்கில் கூர்மையான வெட்டு வேண்டுமென்றால் ஐஐஆர்.

எட்டாம் படி: கோரிலேஷனுக்குக் காசிமேடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும், ரிப்பேர் வேலை நடக்கும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ படகில் போகும் மாமா, சித்தப்பா யாராவது இருந்தால் கேட்டுக்கொண்டு, எக்கோ சவுண்டரைப் போய்ப் பாருங்கள். அடியில் இருக்கும் ட்ரான்ஸ்டியூசர் ஒலித் துடிப்பை அனுப்பும், தரையிலும் மீன் கூட்டத்திலும் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கும். கடல் நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். எதிரொலி 40 மில்லி செகண்டில் வந்தால் போய்வந்த தூரம் 60 மீட்டர், ஆழம் 30 மீட்டர். பெரும்பாலான கருவிகளில் 50, 200 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு இருக்கும். 50 ஆழமாகப் போகும், 200 நுணுக்கமாகக் காட்டும்.

திரும்பி வருவது மெலிந்து, இரைச்சலோடு கலந்து வரும். அதைக் கண்டுபிடிப்பது கோரிலேஷன். அனுப்பியது 1, 1, −1 என்று வையுங்கள். வந்தது 0, 0, 1, 1, −1, 0. அனுப்பியதை வந்ததன் மேல் ஒவ்வோர் இடமாக நகர்த்தி, பெருக்கிக் கூட்டுங்கள். −1, 0, 3, 0 என்று வரும். 3 நிற்கும் இடம்தான் எதிரொலி வந்த நேரம். இங்கே எதையும் திருப்பவில்லை என்பதைப் பாருங்கள். கன்வல்யூஷனுக்கும் இதற்கும் எழுத்தில் இருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். 1, 1, −1 என்பது பார்க்கர் வரிசைகளில் ஒன்று, உச்சி தனியாக நிற்கும்படி தேர்ந்தெடுத்தவை அவை. தெரிந்தவற்றில் நீளமானது 13 எண் கொண்டது. உங்கள் செல்போனின் ஜிபிஎஸ்ஸும் இரைச்சலுக்கு அடியில் புதைந்திருக்கும் சாட்டிலைட் சிக்னலை 1023 எண் கொண்ட வரிசையை நகர்த்தித்தான் தேடிப் பிடிக்கிறது.

இவ்வளவும் கையால் ஒருமுறை போட்ட பிறகு கேட் (GATE) தேர்வின் பழைய வினாத்தாள்களை எடுங்கள். ஐஐடி ஆசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் (NPTEL) வீடியோக்களில் சிக்னல்ஸ் பாடம் முழுதும் இலவசமாக இருக்கிறது. ஆங்கிலம் வேகமாகப் போனால் நிறுத்தி, வீடியோவில் ஆசிரியர் எழுதும் சமன்பாட்டில் உங்கள் 2, 1, 3-ஐப் போட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள். விடை புரியாத கேள்வியை விட்டுவிடாமல், எந்தப் படியில் நின்றீர்கள் என்று நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, மறுநாள் உங்கள் ஆசிரியரிடம் அந்தப் படியை மட்டும் கேளுங்கள்.